கையளவு டட்சன் 240இசட்: பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பந்தயக் கார் ஆவது எப்படி?

டட்சன் என்றதும் நம்மவர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது 120ஒய் கார்தான். தோட்டத்துச் செம்மண் சாலையிலும் பட்டணத்துக் கடைத்தெருவிலும் ஒரு காலத்தில் அது ஓடாத இடமில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் அதே நிறுவனம் இன்னொரு காரையும் செய்தது. நீண்ட முகப்பு, பின்னால் சரிந்து இறங்கும் கூரை, இரண்டே இருக்கைகள், ஆறு சிலிண்டர் இன்ஜின். அதுதான் 240இசட்.

இன்று அந்தக் காரை வாங்குவது பெரும்பாலோருக்கு எட்டாத கனவு. ஆனால், 24-இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் மாதிரியாகக் கட்டுவது மேசை, நல்ல விளக்கு, கொஞ்சம் பொறுமை உள்ள எவருக்கும் இயலும். ஹசெகாவா, ஃபுஜிமி, அவோஷிமா போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் இந்த அளவில் இதற்கான பாகப் பெட்டிகளை வெளியிட்டுள்ளன. உண்மைக் காரின் நீளம் ஏறத்தாழ 4,140 மில்லிமீட்டர். அதை 24-ஆல் வகுத்தால் 172.5 மில்லிமீட்டர். ஒரு பெரியவரின் கையை விரித்து வைத்தால் அதற்குள் அடங்கிவிடும்.

பெட்டியில் உள்ள விளக்கத்தாளைப் பார்த்து ஒட்டினால் ஒரு வாரத்தில் கார் தயார். ஆனால் அது பெரும்பாலும் பொம்மையாகத்தான் தெரியும். அதே பெட்டியை இரண்டு மூன்று மாதம் எடுத்துக் கட்டியவரின் மேசையில் நிற்பதோ நிஜக் காரைத் தூரத்திலிருந்து பார்ப்பது போல இருக்கும். வித்தியாசம் விலை உயர்ந்த கருவிகளில் இல்லை. எந்த வேலையை எந்த வரிசையில் செய்வது, எங்கே அவசரப்படாமல் நிற்பது என்பதில் இருக்கிறது.

முதல் கேள்வி: எந்த 240இசட்?

பசையைத் திறப்பதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது இது. 1969-இல் ஜப்பானில் அறிமுகமானபோது இந்தக் காருக்கு ஃபேர்லேடி இசட் என்று பெயர். அங்கே முதலில் விற்றதில் இரண்டு லிட்டர் இன்ஜின் இருந்தது. ஏற்றுமதிக்குப் போனதே 2,393 சிசி எல்24 இன்ஜின் கொண்ட 240இசட். அமெரிக்காவில் நிறுவனத்தின் பொறுப்பாளராக இருந்த யுதாகா கதயாமா, ‘ஃபேர்லேடி’ என்ற பெயர் அங்கே எடுபடாது என்று கருதி 240இசட் என்ற பெயரிலேயே காரை விற்றார்.

இதோடு முடியவில்லை. இசட்432 என்றொரு வகை உண்டு. ஒரு சிலிண்டருக்கு 4 வால்வு, 3 கார்புரேட்டர், 2 கேம்ஷாஃப்ட் என்பதே அந்த எண்ணின் பொருள். அதன் இன்ஜின் முற்றிலும் வேறு. 1971-இல் வந்த 240இசட்ஜி வகைக்கு நீண்ட கூர் மூக்கும் சக்கரங்களுக்கு மேல் தனியாகப் பொருத்திய அகன்ற விளிம்புகளும் இருந்தன. பெட்டியின் படத்தைப் பார்த்து ஒன்றை வாங்கி, மனத்தில் உள்ள வேறொன்றாக மாற்ற நினைப்பவர்கள் பாதியில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒரே வகைக்குள்ளும் நுணுக்கம் உண்டு. ஆரம்ப கால 240இசட்டில் காற்று வெளியேறும் துளைகள் பின் கதவில், கண்ணாடிக்குக் கீழே இருந்தன. 1971-இல் அவை எடுக்கப்பட்டு, பக்கவாட்டுத் தூணில் ‘இசட்’ எழுத்துடன் கூடிய வட்ட மூடிகளுக்கு மாறின. எந்த ஆண்டுக் காரைக் கட்டுகிறோம் என்று தெரிந்தால்தான் எதை நிரப்புவது, எதை விடுவது என்று தெரியும்.

சஃபாரி கார் என்றால் அதற்கொரு கதை உண்டு

இந்தக் காரைக் கட்டுவோரில் பலர் தேர்ந்தெடுப்பது கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ரேலியில் ஓடிய கார். 1971-இல் எட்கர் ஹெர்மன், ஹன்ஸ் ஷூலர் இருவரும் 240இசட்டில் அந்தப் போட்டியை வென்றனர். சிவப்பு உடல், கறுப்பு முகப்பு மூடி. அந்த ஆண்டு இன்னொரு 240இசட்டில் இரண்டாவதாக வந்தவர் சேகர் மேத்தா.

மேத்தா, உகாண்டாவில் தோட்ட முதலாளிகளாக இருந்த ஓர் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் 1945-இல் பிறந்தவர். 1972-இல் இடி அமீன் ஆசியர்களை நாட்டைவிட்டு வெளியேற்றியபோது அந்தக் குடும்பமும் கென்யாவுக்கு இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டே, 1973-இல், அதே 240இசட்டில் சஃபாரி ரேலியை வென்றார் மேத்தா. அதுவும் சாதாரண வெற்றியன்று. இன்னொரு டட்சனில் வந்த சுவீடன் வீரர் ஹாரி கால்ஸ்ட்ரோமும் அவரும் சம அபராதப் புள்ளிகளில் முடிக்க, சமநிலையை முறிக்கும் விதிப்படிதான் மேத்தாவுக்குக் கோப்பை கிடைத்தது. பின்னர் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை வென்று மொத்தம் ஐந்து சஃபாரி வெற்றிகளுக்குச் சொந்தக்காரரானார்.

இதைத் தெரிந்துகொண்டு கட்டும்போது வேலையின் நோக்கமே மாறுகிறது. பளபளப்பான காட்சியறைக் காரா, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மண்ணிலும் சேற்றிலும் அடிபட்டு வந்த காரா? இரண்டும் சரிதான். ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு.

ஒட்டுவதற்கு முன் ஒரு குளியல்

பாகங்கள் அச்சிலிருந்து எளிதில் பிரிவதற்காகத் தடவும் பொருள் பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டியிருக்கக்கூடும். அதன் மேல் சாயம் பிடிக்காது. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் பாகங்களைக் கழுவி, துடைக்காமல் காற்றில் உலர விட வேண்டும்.

பாகங்களைச் சட்டத்திலிருந்து விரலால் திருகிப் பிய்க்கவே கூடாது. சிறிய வெட்டுக் குறடால் முதலில் சற்றுத் தள்ளி வெட்டி, பிறகு மிச்சத்தைக் கத்தியால் சீவ வேண்டும். ஒரே வெட்டில் ஒட்ட வெட்டினால் அந்த இடம் வெளுத்து, சில நேரம் குழியே விழுந்துவிடும்.

அடுத்து உடற்கூட்டை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தால் மட்கார்டு மேலும் கூரைத் தூண்களிலும் மெல்லிய கோடு ஒன்று ஓடுவது தெரியும். அச்சின் இரு பகுதிகள் சேர்ந்த இடம் அது. உண்மைக் காரில் அப்படியொரு கோடு இல்லை. 600 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, 1000 எண்ணில் முடித்தால் மறைந்துவிடும். பொம்மைக்கும் மாதிரிக்கும் உள்ள முதல் வேறுபாடு இந்தக் கோடுதான்.

கதவு இடுக்குகள்: 24-ஆல் பெருக்கிப் பாருங்கள்

இந்தக் கலையில் எல்லாச் சந்தேகத்துக்கும் விடை தரும் கணக்கு ஒன்று உண்டு. மாதிரியில் காணும் எதையும் 24-ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

உண்மைக் காரின் கதவைச் சுற்றியுள்ள இடைவெளி ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மாதிரியில் அது 0.2 மில்லிமீட்டர். கூர்மையான, இருண்ட ஒரு கோடு. இதன் மேல் அடிச்சாயம், வண்ணச் சாயம், மேல் பூச்சு எல்லாம் சேர்ந்து 0.1 மில்லிமீட்டர் தடிமன் ஏறினால், அது உண்மையில் 2.4 மில்லிமீட்டர் சாயத்துக்குச் சமம். கோடு பாதி அடைந்து, கதவு உடலோடு ஒட்டிப்போன மாதிரி தெரியும்.

அதனால் சாயத்துக்கு முன்பே கதவு, முகப்பு மூடி, பின் கதவு ஆகியவற்றின் கோடுகளைச் சற்று ஆழப்படுத்த வேண்டும். இதற்கென்றே கோடு கீறும் கருவிகள் கிடைக்கின்றன. இல்லாவிட்டால் கத்தியின் முதுகுப் பக்கத்தாலும் செய்யலாம். அழுத்தாமல், பத்துப் பன்னிரண்டு முறை மெதுவாக இழுப்பதே முறை. ஒரே இழுப்பில் ஆழம் தேடினால் கத்தி வழுக்கி, கதவின் நடுவே ஒரு கீறல் விழும். அதை நிரப்பித் தேய்த்துச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுதே போய்விடும்.

பசையில்லாமல் ஒரு முறை கட்டுங்கள்

பிளாஸ்டிக் மாதிரிக்கான பசை உண்மையில் ஒட்டுவதில்லை. பிளாஸ்டிக்கின் இரு விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. இறுகிய பிறகு சேதமில்லாமல் பிரிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால்தான் முதல் சுற்றைப் பசையில்லாமல், மறைப்பு நாடாவால் பிடித்துக் கட்டிப் பார்க்க வேண்டும்.

உடலும் அடித்தளமும் சரியாக உட்காருகின்றனவா? நான்கு சக்கரங்களும் மேசையைத் தொடுகின்றனவா? சக்கரம் மட்கார்டின் நடுவில் இருக்கிறதா? கார் நிற்கும் தோரணையே பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது. சஃபாரி கார் தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்க வேண்டும். ஆப்பிரிக்கக் கல்லும் பள்ளமும் தாண்ட வேண்டிய காரைத் தாழ்த்திக் கட்டினால், எவ்வளவு அழகாகச் சாயம் அடித்தாலும் அது பொய்யாகிவிடும். உயரத்தை மாற்ற வேண்டுமானால் அச்சுகளுக்கிடையே மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்று போதும். ஆனால் அதை இந்தக் கட்டத்திலேயே செய்துவிட வேண்டும்.

நம் ஊர் ஈரத்தில் சாயம்

வெளிநாட்டுப் புத்தகங்களும் காணொளிகளும் சொல்லாத பிரச்சினை நமக்குண்டு. அது காற்றின் ஈரப்பதம். ஸ்ப்ரே டின்னில் வரும் லேக்கர் சாயத்தின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து, சாயம் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் வீட்டுப் பின்புறம் நின்று அடிப்பவர்கள் பலர் இதை அனுபவித்திருப்பார்கள்.

மழையில்லாத நாளில், காலை ஈரம் விலகிய பிறகு, நண்பகலை ஒட்டி அடிப்பது பாதுகாப்பு. வெயில் ஏற ஏறக் காற்றின் ஈரப்பத விகிதம் குறையும். ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள், ஆவியாதலைத் தாமதப்படுத்தும் திரவத்தைச் சில துளி கலந்துகொள்ளலாம். அப்படியும் லேசாக வெளுத்துவிட்டால் பதற்றத்தில் தேய்க்கக் கூடாது. நன்றாகக் காயவிட்டு, வறண்ட நாளில் மெல்லிய பூச்சொன்று அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைப்பதும் தவறு. மூடிய காருக்குள்ளோ வெயில் நேரடியாக விழும் சிமெண்டுத் தரையிலோ விட்டால் மெல்லிய கூரைத் தூண்கள் வளைந்துபோகும் அபாயம் உண்டு. தூசி படாமல் மூடிய பெட்டியில் நிழலில் காய விடுவதே நல்லது.

சிவப்புக்குத் தனிக் கவனம் தேவை. சிவப்புச் சாயம் அடியில் உள்ளதை முழுமையாக மறைக்காது. சாம்பல் நிற அடிச்சாயத்தின் மேல் நேராக அடித்தால் இருண்ட, மங்கிய சிவப்பு வரும். வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு அடிச்சாயம் கொடுத்தால்தான் 240இசட்டின் சிவப்பு எழும்பி நிற்கும். முதல் இரண்டு பூச்சுகள் மூடுபனி போல மெல்லியதாக இருக்கட்டும். மூன்றாவது பூச்சில்தான் சற்று ஈரமாக அடித்து மினுமினுப்பை வரவழைக்க வேண்டும். முதல் பூச்சிலேயே முழுச் சிவப்பைத் தேடுபவருக்குக் கிடைப்பது வழிந்த சாயம்.

சாயம் எதையும் மறைப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பளபளப்பு ஏற ஏற, முன்பு விட்டுவைத்த கீறலும் கோடும் இன்னும் தெளிவாகத் தெரியும். அடிச்சாயம் அடித்ததும் நின்று, குறைகளைத் திருத்தி, மீண்டும் அடிச்சாயம் அடித்த பிறகே வண்ணத்துக்குப் போக வேண்டும்.

உயிருக்கும் மூச்சுக்கும் பாதுகாப்பு

லேக்கர் சாயம், தின்னர் இரண்டின் ஆவியும் நுரையீரலுக்குக் கேடு. எளிதில் தீப்பற்றவும் செய்யும். துணி முகக்கவசமோ மருத்துவ முகக்கவசமோ இந்த ஆவியைத் தடுக்காது. கரைப்பான் ஆவிக்கென்று வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். கதவு, சன்னல் திறந்த இடத்தில், அடுப்பும் சாமி விளக்கும் ஊதுவத்தியும் எரியாத இடத்தில் மட்டுமே தெளிக்க வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்களும் வீட்டில் கைக்குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ இருப்பவர்களும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் சாயத்துக்கு மாறுவது நல்லது. பளபளப்பு சற்றுக் கூடுதல் உழைப்பைக் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் அதையும் ஏர்பிரஷ்ஷால் தெளிக்கும்போது முகக்கவசம் தேவையே.

பிள்ளைகளோடு சேர்ந்து கட்டும் பெற்றோர் கத்தி வேலையையும் தெளிப்பு வேலையையும் தாங்கள் வைத்துக்கொண்டு, கழுவுதல், தேய்த்தல், தூரிகையால் உட்பகுதிக்குச் சாயம் தீட்டுதல் ஆகியவற்றைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.

குரோம் பளபளப்பு ஒரு பொறி

பெட்டியில் வரும் குரோம் பாகங்கள் கண்ணாடி போல மின்னும். முதல் பார்வைக்கு அழகுதான். ஆனால் வெட்டிய இடமும் அச்சுக்கோடும் அதில் அப்படியே தெரியும். தேய்த்தால் குரோம் போய்விடும். அனுபவமுள்ளவர்கள் செய்வது, அந்தக் குரோமையே முழுமையாக நீக்குவது. துணி வெளுக்கும் சாதாரண பிளீச் திரவத்தில் பாகங்களைச் சிறிது நேரம் ஊறவிட்டால் அந்த மெல்லிய உலோகப் படலம் கரைந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். பிளீச்சோடு கழிவறை கழுவும் அமிலத்தையோ வேறெந்தத் திரவத்தையோ கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

நீக்கிய பிறகு பாகத்தைச் சுத்தமாகத் தேய்த்து, பளபளப்பான கறுப்பை அடியில் அடித்து, அதன் மேல் உலோகச் சாயத்தை மெல்லியதாகத் தெளித்தால் உண்மையான பம்பரின் ஆழமான மினுமினுப்பு கிடைக்கும்.

கண்ணாடிகளைச் சுற்றியுள்ள மெல்லிய உலோக விளிம்புகளுக்கு வெள்ளிச் சாயத்தைத் தூரிகையால் தீட்டினால் நடுக்கம் தெரியும். ஒட்டும் தன்மையுள்ள மெல்லிய உலோகத் தாளை அந்த இடத்தில் ஒட்டி, பல்குத்தும் குச்சியால் தேய்த்துப் பதியவைத்து, புதுக் கத்தி முனையால் ஓரத்தை வெட்டி உரிப்பதே நேர்த்தியான வழி. கத்தி முனை மழுங்கியிருந்தால் தாள் கிழியும்.

இன்ஜின்: ஆறு வயரும் ஒரு வயரும்

பல பெட்டிகளில் இன்ஜின் இருக்காது. முகப்பு மூடி மூடியே இருக்கும். இன்ஜின் உள்ள பெட்டி அமைந்தால் அங்கே செய்யும் சிறு வேலைதான் பார்ப்பவரை அதிகம் கவரும். செலவும் ஏறக்குறைய இல்லை.

எல்24 ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் இன்ஜின். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து ஆறு ஸ்பார்க் பிளக்குகளுக்கு ஆறு வயர், காயிலுக்கு ஒரு வயர் என்று மொத்தம் ஏழு. உண்மையில் இவை 7 அல்லது 8 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை, மாதிரியில் 0.3 மில்லிமீட்டர். பழைய மின்விசிறி வயரை உரித்தால் உள்ளே இருக்கும் செப்பு இழை ஏறத்தாழ இந்த அளவுதான். சாயம் தீட்டியதும் தடிமன் பொருந்திவிடும். கைத் துளைப்பானில் 0.3 மில்லிமீட்டர் ஊசியைப் பொருத்தித் துளையிட்டு இழையைச் செருகலாம்.

எந்த வயர் எந்தப் பிளக்குக்கு? இந்த இன்ஜின் தீப்பொறி விடும் வரிசை 1-5-3-6-2-4. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைச் சுற்றி வயர்கள் அதே வரிசையில் வர வேண்டும். பிளக்குகளும் டிஸ்ட்ரிபியூட்டரும் இன்ஜினின் வலப்புறம். இரண்டு கார்புரேட்டர்களும் புகைக்குழாய்க் கிளைகளும் இடப்புறம். யார் கவனிக்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். மெக்கானிக் ஒருவர் வீட்டுக்கு வந்தால் முதலில் குனிந்து பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

குளிர்பானத் தகர டின்னை வெட்டினால் கிடைக்கும் மெல்லிய தகடு, சிறு தாங்கிகளுக்கும் பட்டைகளுக்கும் உதவும். மிச்சமான பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே சற்று உயரத்தில் பிடித்து, இளகியதும் இரு பக்கமும் இழுத்தால் மயிரிழை போன்ற நூல் வரும். வானொலி ஆண்டெனாவுக்கு அதுவே போதும். தின்னர், சாய டின்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகே மெழுகுவத்தியைப் பற்றவைக்க வேண்டும்.

உள்ளே ஓர் இருக்கை

240இசட்டின் டாஷ்போர்டில் ஓட்டுநருக்கு எதிரே இரண்டு பெரிய வட்டங்கள், நடுவில் ஓட்டுநர் பக்கம் பார்த்தபடி மூன்று சிறிய வட்டங்கள். பெட்டியிலுள்ள ஒட்டுப்படங்களை வைத்துவிட்டு, காய்ந்த பிறகு ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு துளி தெளிந்த வார்னிஷ் விட்டால் கண்ணாடி போட்டது போல ஆகிவிடும்.

உட்பகுதிக்குக் கறுப்பை அப்படியே அடித்தால் எல்லாம் ஒரே இருட்டாகிவிடும். இருக்கைக்கு ஒரு கறுப்பு, தரைக்குச் சற்று வெளிறிய கறுப்பு, டாஷ்போர்டுக்கு மினுமினுப்பில்லாத கறுப்பு என்று மூன்று தரம் வேண்டும். மறைப்பு நாடாவை 2 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டிச் சாயம் தீட்டினால் இருக்கைப் பட்டை. உண்மையில் அது 48 மில்லிமீட்டர் அகலம், கணக்கு சரியாகவே வருகிறது.

கண்ணாடிகளை ஒட்ட சூப்பர் குளூ பயன்படுத்தவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் படிந்து வெண்படலமாகிவிடும். மூன்று மாத உழைப்பு கடைசி நாளில் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும். காய்ந்தால் தெளிவாகிவிடும், தவறினால் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

மண்ணைப் பூசுவதும் ஒரு கணக்கே

எண்களும் ஆதரவாளர் சின்னங்களும் கொண்ட ஒட்டுப்படங்களைத் தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டி, மேலே தெளிந்த பூச்சைக் கொடுத்த பிறகு, சஃபாரி காருக்கு ஒரு கடைசி வேலை மிச்சமிருக்கும். அழுக்காக்குவது. பழைய பெட்டியாக இருந்து ஒட்டுப்படம் மஞ்சளித்துப்போயிருந்தால், தாளை ஒரு பிளாஸ்டிக் உறையிலிட்டுச் சன்னல் கண்ணாடியில் சில நாள் வெயில் படும்படி ஒட்டிவைத்தால் மஞ்சள் குறையும்.

தோட்டத்துச் செம்மண்ணைச் சலித்துப் பூசினால் தத்ரூபமாக இருக்குமே என்று தோன்றும். மீண்டும் 24-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் மணல் துகள் மாதிரியில் 24 மில்லிமீட்டர் கல். கார் முழுக்கச் சரளைக்கல் ஒட்டிக்கொண்டது போல இருக்கும். அதற்கென்று விற்கும் மிக நுண்ணிய நிறப்பொடியோ, உப்புத்தாளில் தேய்த்தெடுத்த வண்ணச் சுண்ணக்கட்டிப் பொடியோதான் பொருந்தும்.

அழுக்கு எங்கே சேரும் என்பது தோட்டச் சாலையில் மோட்டார் ஓட்டியவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சக்கரத்துக்குப் பின்னால் கதவின் கீழ்ப்பகுதியில் அடர்த்தியாக. மேலே போகப் போக மெல்லியதாக. பின் கதவில் சுழன்று வந்து படியும் தூசியாக. கூரையில் குறைவு. முன் கண்ணாடியில் வைப்பர் துடைத்த விசிறி வடிவம் மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். அந்த வடிவில் மறைப்பு நாடாவை முன்பே வெட்டி ஒட்டிவிட்டு, தூசி படிந்ததும் உரித்தால், உள்ளே ஓர் ஓட்டுநர் இருந்தார், அவர் பாதையைப் பார்த்துக்கொண்டே வந்தார் என்பது அந்த ஒரு வளைவில் தெரிந்துவிடும்.

எங்கே நிறுத்துவது என்பதே இங்கு கடினம். ஒரு நாள் பூசி, மறுநாள் காலை வெளிச்சத்தில் கைப்பேசியில் படமெடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். கண் பழகி விட்டுவிட்டதைப் படம் காட்டிக்கொடுக்கும்.

கட்டி முடித்த பிறகு

அலமாரியில் வைப்பதிலும் எச்சரிக்கை தேவை. மாதிரிக் காரின் மென்மையான டயர்களில் உள்ள ஒரு பொருள், காலப்போக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சக்கரத்தையோ அடித்தட்டையோ இளக வைத்துவிடக்கூடும். பல ஆண்டு கழித்துக் காரை எடுத்தால் டயர் தட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். டயருக்கும் தட்டுக்கும் நடுவே சிறு அலுமினியத் தாள் துண்டு வைப்பது எளிய தடுப்பு. நேர் வெயில் படாத, மூடிய கண்ணாடிப் பெட்டி இருந்தால் சிவப்பும் வெளுக்காது, தூசியும் ஏறாது.

முதல் காரில் எல்லா மேம்பாட்டையும் செய்ய நினைப்பவர்களின் பெட்டிகள்தான் பாதியில் நின்று அலமாரிக்கு மேலே போய்விடுகின்றன. முதல் காரில் அச்சுக்கோட்டை நீக்கி, நல்ல சாயம் அடித்தால் போதும். இரண்டாவதில் கதவுக் கோடும் குரோமும். மூன்றாவதில் இன்ஜின் வயர்கள். முடித்த சுமாரான கார் ஒன்று, முடிக்காத அருமையான காரைவிட அதிகம் கற்றுத் தரும்.

அப்படி மூன்று நான்கு கார்களை முடித்தவருக்கு ஓர் ஆசை வரும். தன் அப்பா ஓட்டிய காரைச் செய்ய வேண்டும் என்ற ஆசை. எல்லாக் காருக்கும் பாகப் பெட்டி கிடைப்பதில்லை. பந்தயம் வென்ற கார்களுக்கு உண்டு. குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு தீபாவளிக்குப் பாட்டி வீட்டுக்குப் போன கார்களுக்குப் பல நேரம் இருக்காது. அதை வேறொரு காரின் உடலை வெட்டி, நிரப்பி, கோடு கீறித் தானே செய்துகொள்ள வேண்டும். 240இசட்டில் பழகிய கைதான் அப்போது துணைக்கு வரும். கடைசியில், வீட்டில் அனைவருக்கும் மனப்பாடமான அந்த எண் பலகையை 24-ஆல் வகுத்து, சிறு துண்டாக அச்சிட்டு ஒட்டினால் வேலை முடிந்தது.